பைக் ரைடும் கோரிக்கை மனுவும்: நெல்லைப் பக்கம் எதை முதல்ல செய்யணும், எதைக் கடைசில செய்யணும்

நம்ம பக்கம் பைக் குரூப்புக்குப் பஞ்சமே கிடையாது, எல்லா குரூப்புக்கும் ரோட்டப் பத்தி ஒரு குறையும் இருக்கு. ஆனா ஆரம்பிக்கிற எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்காங்க. வாட்ஸ்அப் குரூப், அப்புறம் பேரு, லோகோ, டிசர்ட்டுக்கு வசூல், தேதி, போஸ்டர், எல்லாம் முடிஞ்சு சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் வாசல்ல போய் "சார் நாளைக்கு ஒரு ரைடு வச்சிருக்கோம்"னு நிக்கது. ஞாயித்துக்கிழமை ரைடு நடக்கும், ரீல்ஸ் வரும், திங்கக்கிழமை பாத்தா அந்தப் பள்ளம் அங்கனயே கெடக்கும்.

இந்த வரிசைய அப்படியே தலைகீழாப் போடணும். கோரிக்கை, ஆதாரம், மனு, இதெல்லாம் கைல வந்த பொறவுதான் ரைடு. மனு இல்லாம ரைடு போனா அதிகாரிக்கு அது வெறும் டிராபிக் தொந்தரவு, மனு நம்பரோட போனா அது ஒரு கோரிக்கைக்கு ஆள் சேந்து நிக்கது. கீழ அந்த வரிசைலயே சொல்லுதேன்.

முன்கூட்டியே வேணும்னா இவ்வளவுதான்: திங்கக்கிழமை லீவு போட முடிஞ்ச நாலஞ்சு பேரு, ஒரு அளவு டேப்பு, நூல், நேர்க்கட்டை, ரசமட்டம், சிவப்புத் துணி, இடம் தேதி விழுற மாதிரி போட்டோ எடுக்கிற போன், ஒரு பைல். சங்கம் பதிவு பண்ணாத்தான் மனு குடுக்க முடியும்னு நெறைய பேரு நெனைக்காங்க, அப்படி இல்ல, தனி ஆளே குடுக்கலாம். வருசா வருசம் நடத்தணும், பேங்க் அக்கவுண்ட் வேணும்னா மட்டும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல ஏழு பேரு சேந்து பதிவு பண்ணிக்கோங்க. அது மொத நாள் வேலை இல்ல.

1. ஒரே ஒரு கோரிக்கை

"ரோட்டப் போடு, லைட்டப் போடு, ஹெல்மெட் பைன குறை, டோல் எடு, பைக்குக்கு தனி லேன் வேணும்"னு ஒரே தாள்ல எழுதிக் குடுத்தா அது அஞ்சு ஆபீசுக்குப் பிரிஞ்சு போகும், இல்லன்னா எங்கயும் போகாது. ஒண்ணே ஒண்ண எடுங்க. அதுவும் கண்ணால பாத்து, டேப்பு வச்சு அளந்து, சரி பண்ணிட்டா "ஆச்சு"ன்னு சொல்லக்கூடிய ஒண்ணு.

நான் சொல்லுதது வேகத்தடை. நம்ம ஊர் ரோட்டுல ராத்திரி பைக்காரன் விழுறதுக்கு வெள்ளைக்கோடு அழிஞ்ச வேகத்தடை ஒரு பெரிய காரணம், சரி பண்ணுத செலவோ ரொம்பக் கம்மி, அதனால "நிதி இல்ல"ன்னு யாரும் சொல்ல முடியாது. மொத கோரிக்கை ஜெயிக்கணும். அது ஜெயிச்சாத்தான் ரெண்டாவதுக்கு ஆள் வரும். (டோல் பத்தி ஒரு வார்த்தை: தேசிய நெடுஞ்சாலை டோல்ல டூவீலருக்குக் கட்டணமே இல்ல, நாங்குநேரி டோல்ல நாம சும்மாத்தான் போறோம், அப்புறம் எதுக்கு டிசர்ட்டுல டோல் ஒழிகன்னு அடிக்கணும்.)

2. அந்த ரோடு யாருதுன்னு கண்டுபிடிக்கது

புதுசா வர்றவங்க தடுக்கி விழுறதே இங்கதான். மாநகராட்சிக்கு மனு எழுதுவாங்க, ரோடு நெடுஞ்சாலைத்துறையோடதா இருக்கும், மனு மூணு மாசம் சுத்திட்டு "எங்கள் எல்லைக்கு உட்பட்டது அல்ல"ன்னு திரும்பி வரும்.

ரோட்டோரம் இருக்கிற கிலோமீட்டர் கல்லப் பாருங்க. தலை மஞ்சளா இருந்தா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை, கருப்பு இல்லன்னா நீலம்னா மாவட்டச் சாலை, ஆரஞ்சுன்னா கிராமச் சாலை. நெல்லைய ஒட்டி கன்னியாகுமரி போற பைபாஸ் என்.எச். 44, தூத்துக்குடி ரோடு என்.எச். 138, இதுக்கெல்லாம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தோட திட்ட இயக்குநருக்கு எழுதணும், அவசரம்னா 1033-க்குப் போன் பண்ணலாம். பச்சைக் கல்லும் மாவட்டக் கல்லும் மாநில நெடுஞ்சாலைத்துறை, அங்க கோட்டப் பொறியாளருக்கு. மாநகராட்சி தெருன்னா ஆணையருக்கு. கிராமத்து ரோடுன்னா மொதல்ல ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துல கேளுங்க.

கல்லே இல்லன்னா, இல்ல இருந்தும் சுண்ணாம்பு அடிச்சு கலர் தெரியலன்னா, பக்கத்து டீக்கடைல கேளுங்க. கடைசியா ரோடு போட வந்தவங்க எந்த ஆபீஸ் ஜீப்புல வந்தாங்கன்னு அந்த அண்ணாச்சிக்குத் தெரியும்.

3. ஆதாரம் சேக்கது

இதுல மட்டும் அவசரப்படாதீங்க, முழு வேலையும் இதுலதான் நிக்குது.

இந்திய ரோடு காங்கிரஸ்னு ஒரு அமைப்பு ரோட்டுக்கெல்லாம் அளவு வச்சிருக்கு. வேகத்தடைக்கு அவங்க ஐ.ஆர்.சி. 99-ல சொன்ன அளவு: உருண்டையான மேடு, ரோட்டோட போக்குல 3.7 மீட்டர் அகலம், நடுவுல 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துல ஏறி இறங்குற மாதிரி கணக்கு. மேல கருப்பு வெள்ளைப் பட்டை இருக்கணும், 40 மீட்டர் முன்னாடியே எச்சரிக்கைப் பலகை இருக்கணும். நம்ம தெருவுல இருக்கிறத அளந்து பாருங்க, முக்காவாசி ஒரு முழ அகலத்துல செங்குத்தா நிக்கும்.

அளக்கிறது இப்படி. ரெண்டு பேரு போதும், மூணாவது ஆளு சிவப்புத் துணியோட தள்ளி நின்னு வண்டியப் பாக்கணும், இது இல்லாம நடு ரோட்டுல குனியவே கூடாது. மேட்டோட உச்சில நீளமான நேர்க்கட்டை ஒண்ண வச்சு, கொத்தனார் வச்சிருக்கிற ரசமட்டத்த அது மேல வச்சு மட்டம் பாத்து, கட்டையோட நுனில இருந்து தார்த் தளம் வரைக்கும் டேப்ப இறக்குங்க. அதான் உயரம். டேப்புல நம்பர் தெரியுற மாதிரி கிட்டப் போய் ஒரு போட்டோ, ஆளும் ரோடும் தெரியுற மாதிரி தள்ளி நின்னு ஒரு போட்டோ. கிட்ட எடுத்த போட்டோ மட்டும் இருந்தா "இது எந்த ஊரு ரோடு"ன்னு கேப்பாங்க. அகலத்துக்கு நூல மேட்டுக்குக் குறுக்கத் தரையோட தரையா இழுத்துப் பிடிங்க, ஏறுற இடத்துல இருந்து இறங்குற இடம் வரைக்கும்.

பகல் போட்டோவோட நிறுத்திராதீங்க. ராத்திரி அதே இடத்துல, முப்பது மீட்டர் தள்ளி பைக்க ஓரமா நிறுத்தி லோ பீம் போட்டு, ஓட்டுறவன் கண்ணு உயரத்துல போன வச்சு ஒரு போட்டோ எடுங்க. போட்டோல வேகத்தடையே தெரியாது, வெறும் ரோடுதான் தெரியும். அந்தத் தெரியாத போட்டோதான் உங்களோட பலமான சாட்சி.

அங்கன கடை வச்சிருக்கவங்க, வீடு இருக்கவங்க யாராவது விழுந்ததப் பாத்திருந்தா தேதியோட ரெண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்க. "தினமும் பத்து பேர் சாவுறான்"னு நீங்களா எழுதாதீங்க. ஒரு பொய் மாட்டுனா மத்த உண்மை அத்தனையும் போச்சு.

4. மனு எழுதுறது, குடுக்கிறது

ஒரு பக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள். பொருள் வரி இப்படி இருக்கட்டும்: "இன்ன சாலையில், இன்ன கிலோமீட்டர் கல் அருகில் உள்ள வேகத்தடைக்கு வண்ணக்கோடு, எதிரொளிப்பான், எச்சரிக்கைப் பலகை அமைக்கக் கோருதல்." பொருள் வரிலயே இடம் வந்திரணும், ஏன்னா ஆபீஸ்ல மனுவ எந்த மேசைக்கு அனுப்பணும்னு பாக்கவரு அந்த ஒரு வரியத்தான் படிப்பாரு.

சட்டப் பிரிவு எழுதணும்னா கடைசிப் பத்தில எழுதுங்க. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 198ஏ-ன்னு ஒண்ணு சேத்தாங்க, ரோட்டோட வடிவமைப்பு, பராமரிப்பு தரத்தப் பின்பத்தாம, அதனால சாவோ ஊனமோ வந்தா பொறுப்பானவங்களுக்கு ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். நம்ம பயலுவ இத மொத வரிலயே மிரட்டலா எழுதிருதாங்க, படிக்கிற பொறியாளர் உடனே தன்னக் காப்பாத்திக்கிற பதிலத்தான் தேடுவாரு, ரோட்டப் பாக்க வர மாட்டாரு.

திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். காலைலயே போயிருங்க, மொதல்ல பதிவு பண்ணி ரசீது வாங்கணும். அஞ்சு பேரு போதும், அம்பது பைக்கோட போனா வாசல்லயே நிறுத்தி வெளியதான் நிக்க வைப்பாங்க. இன்னொண்ணு, டூர் போற பழக்கத்துல தோள்பைல பெட்ரோல் பாட்டில் வச்சிட்டுப் போயிராதீங்க, வாசல்ல போலீஸ் பையச் சோதிக்கதே அந்தப் பாட்டிலத் தேடித்தான்.

மனுவோட ஒரு காப்பிய நேரா பொறியாளர் ஆபீஸ்லயும் குடுத்து தேதி போட்ட சீல் வாங்குங்க. மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுன்னு ஒண்ணு கலெக்டர் தலைமைல இருக்கு, உங்க மனுவ அந்தக் கூட்டத்துல வைக்கணும்னு ஒரு வரி சேத்துக்கோங்க, அங்க போலீஸ், நெடுஞ்சாலை, ஆர்.டி.ஓ. எல்லாரும் ஒரே மேசைல இருப்பாங்க. நேர்ல போக முடியாதவங்க 1100-க்குப் போன் பண்ணிப் பதியலாம், ஆனா போட்டோவோட குடுத்த தாளுக்கு இருக்கிற கனம் அதுக்கு இல்ல.

5. இப்போ தேதியும் பாதையும்

மனு ரசீது கைல வந்த பொறவு தேதி பாருங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்குக் கெளம்பி பத்து மணிக்குள்ள முடிச்சிரணும். நம்ம வெயிலுக்கு பத்துக்கு மேல ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுட்டு கூட்டமா ஓட்டுனா தலை சுத்தும்.

தேதி பாக்கும்போது ஊர்ப் பஞ்சாங்கம் தெரிஞ்ச ஒரு ஆளக் கேளுங்க. ஆனித் தேரோட்டம் சமயத்துல டவுன் ரதவீதிப் பக்கம் போகவே முடியாது. ஆடி அமாவாசைக்கு பாபநாசம், காரையார் ரோடு பூரா கூட்டம். தைப்பூசத்துக்கு முன்னாடி திருச்செந்தூர் ரோட்டுல விடியக்காலைல பாதயாத்திரை ஆளுங்க இருட்டுல நடந்து வருவாங்க, அங்க கூட்டமா பைக் விடவே கூடாது. குத்தால சீசன்ல தென்காசி ரோட்டத் தவிருங்க. ஆனி, ஆடில வள்ளியூர் தாண்டி பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து பக்கவாட்டுல அடிக்கும், நூறு சிசி வண்டிய லேன் மாத்தித் தள்ளும், அதுவும் லாரியத் தாண்டி வெளிய வர்ற அந்த ஒரு நொடில. கார் பருவ நெல் அறுப்பு, பிசானப் பருவ நெல் அறுப்பு சமயம்னா ரோட்டுல நெல்லு காயும், அந்த மணில பிரேக் பிடிச்சா டயர் வழுக்கும்.

புதுசா நடத்துறவங்களுக்கு நல்ல பாதைன்னா பாளையங்கோட்டைல ஆரம்பிச்சு மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியா அம்பாசமுத்திரம். உங்க வேகத்தடை எந்த ரோட்டுல இருக்கோ அந்த ரோடு பாதைல கண்டிப்பா இருக்கணும், இல்லன்னா ரைடுக்கே அர்த்தம் இல்ல. மணிமுத்தாறு, மாஞ்சோலைன்னு இழுக்காதீங்க, அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறை செக்போஸ்ட்டுக்குத் தனி அனுமதி, தனி கட்டுப்பாடு. மொத ரைடுக்கு அந்த வம்பு எதுக்கு.

நிறுத்துற இடம் டாய்லெட் உள்ள பெட்ரோல் பங்க்கா இருக்கணும். பொம்பளப் பிள்ளைங்க ரைடுக்கு வரலன்னு சொல்லுத குரூப்பெல்லாம் நிறுத்துற இடத்தப் பாருங்க, ரோட்டோரப் புளியமரமாத்தான் இருக்கும். முந்தின நாளே பங்க்குலயும் சாப்பிடுற கடைலயும் சொல்லி வச்சிருங்க.

6. அனுமதி

மாநகர எல்லைக்குள்ளன்னா போலீஸ் கமிஷனர் ஆபீஸ், வெளியன்னா மாவட்ட எஸ்.பி. அம்பாசமுத்திரம் பாதைன்னா ரெண்டும் வேணும், ஏன்னா மேலப்பாளையம் தாண்டுனா எல்லை மாறிரும். தென்காசி ரோட்டுல சீதபற்பநல்லூர் தாண்டி ஆலங்குளம் போனா அது தென்காசி மாவட்டம், 2019-லயே பிரிஞ்சிருச்சு, அங்க இன்னொரு எஸ்.பி. "நாங்க கமிஷனர்கிட்ட வாங்கிட்டோம்"னு அங்க போய் சொல்லிப் பிரயோசனம் இல்ல.

மாநகரத்துல மாநகரக் காவல் சட்டம் 41, மாவட்டத்துல காவல் சட்டம் 30(2), இந்தப் பிரிவுகள்ல ஊர்வலம், கூட்டத்துக்கு முன் அனுமதி வேணும்னு அடிக்கடி உத்தரவு போடுவாங்க. அதனால ரெண்டு வாரம் முன்னாடியே குடுத்திருங்க. கடிதத்துல ஆரம்பிக்கிற இடம், நேரம், பாதை, எத்தனை வண்டி, எங்கல்லாம் நிறுத்தம், முடியுற நேரம், பொறுப்பாளர் போன் நம்பர், மனு ரசீது காப்பி எல்லாம் இருக்கணும். மைக் செட் கேக்காதீங்க, அதுக்குத் தனி அனுமதி, அதுக்காகவே மொத்தமும் இழுபறி ஆகும். "பேரணி"ன்னு எழுதாம "விழிப்புணர்வு பயணம், கோஷம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை"ன்னு உள்ளதச் சொல்லுங்க. வண்டி எண்ணிக்கையக் கூட்டி எழுதாதீங்க, நூறுன்னு எழுதிட்டு முப்பது வந்தா அடுத்த தடவ உங்க கடிதத்த நம்ப மாட்டாங்க.

7. வண்டியும் பேப்பரும், நம்ம உரிமையும்

உரிமை பேசுற கூட்டத்துல ஒருத்தன் ஹெல்மெட் இல்லாம வந்தா மறுநாள் அந்த போட்டோதான் சுத்தும். ஓட்டுறவரு, பின்னால உக்காந்தவரு ரெண்டு பேருக்கும் ஹெல்மெட் கட்டாயம், நாலு வயசுக்கு மேல குழந்தைக்கும், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 129. அபராதம் ஆயிரம் ரூவா, லைசென்ஸ மூணு மாசம் தடை பண்ணவும் வழி இருக்கு. சைலன்சர் மாத்துன வண்டி, இன்சூரன்ஸ் முடிஞ்ச வண்டி, மூணு பேரு, இதெல்லாம் ஆரம்பிக்கிற இடத்துலயே திருப்பி அனுப்புங்க, சொந்தக்காரன்னாலும். இதுக்குன்னே கொஞ்சம் முகத்துல அடிச்ச மாதிரி பேசுற ஒரு ஆள வாசல்ல நிறுத்துங்க.

சோதனைல நிறுத்துனா என்ன செய்யணும்னு எல்லாருக்கும் முன்னாடியே சொல்லிருங்க. டிஜிலாக்கர், எம்-பரிவாகன்ங்கிற அரசு ஆப்ல காட்டுற லைசென்ஸும் ஆர்.சி.யும் செல்லும், மத்திய மோட்டார் வாகன விதி 139-ல இருக்கு. வாட்ஸ்அப்ல வச்சிருக்கிற போட்டோ செல்லாது, இத ரெண்டையும் குழப்பித்தான் பாதிச் சண்டை வருது. அபராதம் கட்டுனா ரசீது இல்லன்னா இ-சலான் வாங்குங்க. ஆவணத்த எடுத்து வச்சாங்கன்னா அதுக்கு ஒப்புகை குடுக்கணும், பிரிவு 206. வண்டி சாவிய உருவச் சொல்லி சட்டத்துல எங்கயும் இல்ல, ஆனா அத அங்கயே நின்னு வாதாடாதீங்க. இடம், நேரம், பேட்ஜ்ல உள்ள பேரு, குறிச்சு வச்சு கமிஷனருக்கோ எஸ்.பி.க்கோ எழுதுங்க. ரோட்டுல ஜெயிக்கிற வாக்குவாதம்னு ஒண்ணு கிடையாது.

8. ஓட்டுற ஒழுங்கு

எல்லாரும் ஒண்ணா நீளமாப் போனாத்தான் கெத்துன்னு நெனைக்காங்க. அப்படிப் போனா பின்னால வர்ற பஸ் முந்த முடியாம முட்டும், நடுவுல புகுந்தா யாராவது விழுவாங்க. எட்டு பத்து வண்டியா பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததுக்கும் ரெண்டு மூணு நிமிசம் இடைவெளி விடுங்க.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால ஒரு லீடு, கடைசில ஒரு சுவீப். லீடு வேகமா ஓட்டத் தெரிஞ்சவனா இருக்க வேண்டாம், கண்ணாடியப் பாத்துப் பாத்து ஓட்டுறவனா இருக்கணும். புதுசா வந்தவங்கள லீடுக்கு அடுத்தாப்ல போடுங்க, பின்னால போட்டா இடைவெளிய நிரப்ப முறுக்குவாங்க. சுவீப்கிட்ட பஞ்சர் கிட், முதலுதவிப் பெட்டி. ரோடு அகலமா இருந்தா தறிக்கு இழை மாறி மாறிப் போற மாதிரி ஒண்ணு வலம் ஒண்ணு இடம்னு, பத்தமடை மாதிரி குறுகுன கடைத்தெருல ஒத்தை வரிசை.

சந்திப்புல நம்ம பயலுவ குறுக்க வண்டிய நிறுத்தி டிராபிக்க மறிக்கிறது, இதான் எல்லாத்துலயும் பெரிய தப்பு. அந்த அதிகாரம் போலீஸுக்கு மட்டும்தான். சிக்னல் விழுந்து கூட்டம் பிரிஞ்சா பிரியட்டும், அடுத்த நிறுத்தத்துல சேந்துக்கலாம், அதுக்குத்தான நிறுத்தமே.

உங்க வேகத்தடை வர்ற இடத்துல நிக்க வேண்டாம், மெதுவா ஏறி இறங்கிப் போங்க. அங்க நிறுத்தி போட்டோ எடுத்தா மறியல்னு ஆயிரும். போட்டோ ஏற்கெனவே பைல்ல இருக்குல்லா.

9. அடிபட்டா

108. அடிபட்டவரு ஹெல்மெட்ட அவசரப்பட்டு உருவாதீங்க, கழுத்துல அடி இருந்தா மோசமாயிரும், மூச்சுத் திணறல் இருந்தா மட்டும் ரெண்டு பேரா சேந்து கழுத்தப் பிடிச்சு எடுக்கணும். நெல்லைக்குப் பக்கத்துலன்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. 2021-ல ஆரம்பிச்ச நம்மைக் காக்கும் 48 திட்டத்துல விபத்து நடந்த மொத 48 மணி நேரத்துக்கு, திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரிலயும் வரையறுத்த சிகிச்சை இலவசம், பாதைல அப்படி எது இருக்குன்னு முன்னாடியே கேட்டு வைங்க. தூக்கிட்டுப் போறவரு கேஸுக்குப் பயப்பட வேண்டாம், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134ஏ உதவுறவங்களுக்குப் பாதுகாப்பு குடுக்கு, பேரச் சொல்லணும்னு கட்டாயப்படுத்தவும் முடியாது.

10. ரைடு முடிஞ்ச பொறவு

இங்கதான் எல்லாரும் கழண்டுக்கிடுதாங்க. ரைடு நடந்த போட்டோவ மனு நம்பரோட அதே பொறியாளருக்கு அனுப்புங்க. ஒரு மாசம் பாத்தும் அசைவு இல்லன்னா தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூவா கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி அந்த அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்க, 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா முதல் மேல்முறையீடு.

"ஏன் இன்னும் சரி செய்யவில்லை"ன்னு கேக்காதீங்க, ஏன்னு கேட்டா அது தகவல் இல்லன்னு தள்ளிருவாங்க. ஆவணத்தக் கேளுங்க: மனு மேல எடுத்த நடவடிக்கைக் குறிப்போட நகல், அந்த ரோட்டுல கடைசியா வேலை நடந்த தேதி, ஒப்பந்தக்காரர் பேரு, அவரு சொந்தச் செலவுல குறைய சரி பண்ண வேண்டிய பொறுப்புக் காலம் என்னைக்கு முடியுது. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். அந்தக் காலம் முடியலன்னா அரசுக்குச் செலவே இல்ல, ஒப்பந்தக்காரர்தான் பண்ணிக் குடுக்கணும், அது தெரிஞ்சதும் பல நேரம் வேலை தானா நடக்கும்.

வேலை முடிஞ்சா மறுபடி டேப்போட போங்க. பழைய மேட்டு மேலயே சும்மா வெள்ளை பெயிண்ட் அடிச்சிட்டுப் போயிருந்தா ஐப்பசி மழைக்கு நிக்காது, அதனால மனுலயே சூட்டுல உருக்கிப் போடுற தெர்மோபிளாஸ்டிக் கோடுன்னும் ரோட்டுல பதிக்கிற எதிரொளிப்பான்னும் எழுதிக் கேட்டிருங்க. சரியா பண்ணிருந்தா அந்த உதவிப் பொறியாளருக்கு பழைய போட்டோ, புதுப் போட்டோ ரெண்டும் வச்சு ஒரு நன்றிக் கடிதம், காப்பி கலெக்டருக்கு. ராத்திரி லோ பீம் போட்டோவும் இன்னொரு தடவ அதே இடத்துல நின்னு எடுத்து பைல்ல வைங்க.